மூக்குப் பிடிக்க

என் தம்பியை நான் மன்னித்துவிட்டதாக உறவுக்காரர்கள் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சுத்தப் பொய். மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. போன மாதம் அவனுக்கு ஒரு வேளை சாப்பாடு போட்டேன், அது உண்மை. எப்படிப் போட்டேன் என்று தெரியாமல் ஆளாளுக்குப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடிங் எடுப்பவர். இருபத்தாறு வருஷம். இந்த நகரத்தில் அவர் நடக்காத தெரு இல்லை, அவரைப் பார்த்துக் குரைக்காத நாய் இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பின்வாசல்'. வீடுகளில் மீட்டர் முன்பக்கம் இருக்கும். சாப்பாட்டுக் கடைகளில் மட்டும், எந்தப் புண்ணியவான் ஆரம்பித்துவைத்த வழக்கமோ, பின்சந்தில், சமையல்கட்டுச் சுவரில், குப்பைத் தொட்டிக்கு நேர் மேலே மாட்டியிருப்பார்கள். ஊர் ஜனம் முன்வாசலில் நுழைந்து கண்ணாடியையும் மேஜை விரிப்பையும் பார்த்து மயங்கும். இவர் பின்வாசலில் நுழைந்து பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பார்ப்பார்.

மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட அவருக்கு நேரம் கிடையாது. டப்பாவில் கட்டிக் கொடுத்தால் அவர் நடக்கிற நடைக்குக் குழம்பு கொட்டி, பையோடு சேர்ந்து ரீடிங் சீட்டெல்லாம் நாறும். அதனால் வெளியில்தான் சாப்பாடு. சம்பளமோ வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருக்கிற சம்பளம். அதற்காக அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு வேளைச் சாப்பாட்டின் விலை, அதே தெருவில் ஒரு முகச் சவரத்துக்கு வாங்கும் கூலியைத் தாண்டக் கூடாது. பங்களாத் தெருவில் சவரம் விலை கூட, சாப்பாட்டுக்கும் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். சந்துக்குள் சவரம் மலிவு, அங்கே சாப்பாடும் மலிவாகக் கிடைத்தே ஆக வேண்டும்.

சிரிக்காதீர்கள். அந்தச் சட்டத்துக்குள் நின்றுகொண்டு அவர் சாப்பிடாத சாப்பாடு கிடையாது. துறைமுகச் சாலையில் வலை இழுக்கிறவர்களுக்காகப் பத்து மணிக்கே மீன் பொரித்து வைக்கும் கடை. கப்பலில் வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு குடும்பம் நாலே நாலு முக்காலி போட்டு நடத்தும் நூடுல்ஸ் கடை. மலைப்பக்கத்து ஆட்கள் எலும்பு சூப் விற்கும் தகரக் கொட்டகை. நீதிமன்றத்துக்குப் பின்னால், நமக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாத பாஷை பேசிக்கொண்டே, சுடச்சுட ரொட்டியைத் தட்டில் விசிறும் ஒரு மனுஷன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கூட்டிப்போவார்.

"பாஷையே தெரியாம எப்படிங்க கேட்டு வாங்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பக்கத்து ஆளோட தட்டைக் காட்டுவேன்."

"அவன் சண்டைக்கு வரலையா?"

"ஒருத்தன் பாதியைப் பிட்டே குடுத்துட்டான்."

இதையெல்லாம் அவர் எழுதி வைத்தார். அலுவலகத்தில் ஒதுக்கிப் போட்ட பழைய ரீடிங் நோட்டு ஒன்றில், பச்சை அட்டை போட்டது, மீட்டருக்கு எழுதுகிற மாதிரியே கட்டம் கட்டி எழுதினார். முதல் கட்டத்தில் மீட்டரின் கடைசி நாலு எண். அப்புறம் தெரு, கடையின் அடையாளம், ஒரு ஆள் சாப்பிட ஆகும் விலை. கடைசிக் கட்டம் 'குறிப்பு'.

ரீடிங் எடுக்கிறவர்கள் குறிப்பை முழுசாக எழுத மாட்டார்கள். வெயிலில் நின்று எழுத எவனுக்குப் பொறுமை? பூட்டிய வீடு என்றால் பூ.வீ. நாய் கட்டவில்லை என்றால் நா.க. இவர் சாப்பாட்டுக் கடைக்கும் அதே பாணியில் சொந்தமாகச் சில குறிப்புகள் உண்டாக்கினார். க.சா. என்றால் கழுவாத சாமான். எ.ந. என்றால் எலி நடமாட்டம். மூ.பி. என்றால் மூக்கைப் பிடி, அதாவது அந்தச் சந்துக்குள் போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த மாதிரிக் குறிப்பு விழுந்த கடையில் அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

நன்றாக இருக்கிற கடைக்கு என்ன எழுதுவார்? ஒன்றும் எழுத மாட்டார். மீட்டர் ஒழுங்காக ஓடினால் குறிப்புக் கட்டம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். பழுது இருந்தால்தான் பேனாவுக்கு வேலை. மனுஷனும் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலை அவர் ஒரு வார்த்தை நல்லது சொன்னதில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டால், தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். அதற்காக நான் எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன் தெரியுமா?

பிறகு முழங்கால் தேய்ந்தது. படி ஏற முடியவில்லை. அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். நடந்து பழகிய மனுஷனுக்கு அது சிறை மாதிரி. ஒருநாள் நோட்டை எடுத்துத் தடவிக்கொண்டே, "இவளே, இதை ஒரு சின்னப் புத்தகமாப் போட்டா என்ன? புதுசா ஊருக்கு வர்றவன், கையில காசில்லாதவன், ஏமாறாம வயிறாரச் சாப்பிடுவான்ல" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அட்டையில என் பேரும் இருக்கும்" என்றார். இருபத்தாறு வருஷத்தில் எனக்கு இது வேண்டும் என்று அவர் வாயைத் திறந்து சொன்னது அது ஒன்றுதான். புடவை, நகை, வீடு என்று நான் ஆயிரம் கேட்டிருக்கிறேன். அவர் கேட்டது ஒரே ஒரு அட்டை, அதில் தன் பெயர்.

நான்தான் கெடுத்தேன். "என் தம்பி பத்திரிகை ஆபீஸ்லதானே இருக்கான், அவன்கிட்டக் காட்டலாம்" என்று சொன்னது இந்த வாய்தான்.

என் தம்பிக்கு வீட்டில் 'பேனா' என்று பெயர். பள்ளிக்கூட நாளிலிருந்து சட்டைப் பையில் மூன்று பேனா குத்திக்கொண்டு திரிவான், எழுதி ஒருவரும் பார்த்ததில்லை. ஒரு வாரப் பத்திரிகையில் விளம்பரம் பிடிக்கிற வேலை. எங்கள் அம்மாவுக்கு அவன் ஒரே ஆண்பிள்ளை. எனக்கு எட்டு வயதானதிலிருந்து அவன் தின்ற தட்டை நான்தான் கழுவினேன். அவன் வளர்ந்து, கல்யாணமாகி, என் வீட்டுக்கு விருந்தாளியாக வரும்போதும் அதே கதைதான். தின்ற தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு எழுந்துபோவான். இத்தனைக்கும் ஆள் சுத்தக்காரன். சின்னக் கடையில் கால் வைக்க மாட்டான், எங்கே போனாலும் மனைவி கட்டிக் கொடுத்த டப்பா பையில் இருக்கும்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தான். கண் அகலமானது. "மாமா, ரெண்டே ரெண்டு நாள் குடுங்க. எங்க பத்திரிகை ஆசிரியர் அம்மாகிட்டக் காட்டிட்டுத் தர்றேன்" என்றான்.

மூன்று வாரம் சத்தமே இல்லை. நாலாவது வாரம் மாடி வீட்டு டீச்சர் பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, உங்க தம்பி படம் வந்திருக்கு!" என்று கத்தினாள். ஆமாம், வந்திருந்தது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு படம். மேலே கொட்டை எழுத்தில் 'மூக்குப் பிடிக்கச் சாப்பிடலாம் வாங்க' என்று தலைப்பு. கீழே, 'இந்த நகரத்தின் சந்து பொந்தெல்லாம் நான் நடந்து, தின்று, கண்டுபிடித்த மலிவான உணவகங்கள்' என்று அவன் பெயரில் ஒரு பக்கம். எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில், 'தகவல் உதவி: உறவினர் ஒருவர்.'

என் வீட்டுக்காரர் அதை முழுசாகப் படித்தார். பத்திரிகையை நாலாக மடித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார். அன்று மதியம் சாப்பிடவில்லை, இரவும் சாப்பிடவில்லை. என் வயிறு எரிந்தது. உறவினர் ஒருவராம்! தெரு நாய்களுக்குக்கூட இவரைப் பெயர் சொல்லித் தெரியும், இவன் வாயில் இவர் உறவினர் ஒருவர்.

போனைப் போட்டேன். "ஏண்டா, அது மாமா நோட்டுடா" என்றேன்.

"நோட்டு மாமாவோடதுதான்க்கா, யாரு இல்லைன்னா? எழுத்து என்னோடதாச்சே. அவர் வெறும் நம்பரும் ரெண்டெழுத்தும்தான் போட்டிருக்கார். அதை வச்சு ஒரு பக்கம் எழுதறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பேருதான் போட்டிருக்கேனே!"

"எங்கடா பேரு?"

"உறவினர்னு போட்டா அது மாமாதானே?"

போனை வைத்தேன். இவனை விடக் கூடாது என்று அப்போது முடிவு செய்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை, ஆனால் விடக் கூடாது. கோபத்தோடு அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன்.

'பழைய தபாலாபீஸ் சந்தில் உள்ள இந்தக் கடையில் கட்டாயம் சாப்பிட வேண்டும். வாயில் வைத்ததும் கரைகிறது' என்று எழுதியிருந்தான். அந்தச் சந்தைப் பற்றி என் வீட்டுக்காரர் முகம் சுளித்துப் பேசியதுதான் எனக்கு ஞாபகம்.

"என்னங்க, பழைய தபாலாபீஸ் சந்துக் கடைக்கு என்ன குறிப்பு?"

"க.சா." என்றார். அவருக்கு மொத்த நோட்டும் மனப்பாடம். "கழுவாத சாமான். நான் அங்க சாப்பிட்டதே இல்லையே."

க.சா. கட்டாயம் சாப்பிடவும்! அட மடப்பயலே! அடுத்த கடையைக் கேட்டேன். எ.ந. அதை 'எல்லாமே நன்று' என்று படித்திருக்கிறான். அந்தத் தலைப்பு எங்கிருந்து வந்தது என்றும் புரிந்தது. மூ.பி. என்பதை மூக்குப் பிடிக்க என்று விரித்திருக்கிறான். நூடுல்ஸ் கடை, சூப் கொட்டகை, ரொட்டி மனுஷன், ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் இல்லை. குறிப்புக் கட்டம் காலியாக இருந்ததால், சொல்ல ஒன்றுமில்லாத கடைகள் என்று தள்ளிவிட்டான். நல்ல கடையை எல்லாம் தள்ளி, ஊரில் உள்ள அழுக்கை எல்லாம் பொறுக்கித் தங்கத் தட்டில் வைத்திருக்கிறான். நான் சிரித்த சிரிப்பில் டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "உடனே சொல்லணும். ஜனங்க வயிறு என்னாகும்?" என்று போனை எடுத்தார். நான் பிடுங்கினேன்.

"நீங்க வாயைத் திறக்கக் கூடாது. இப்பச் சொன்னா திருத்திப்பான். திருத்தி, நல்ல கடை எல்லாத்தையும் அவன் பேர்லயே போடுவான். அப்புறம் உங்களுக்கு என்ன மிஞ்சும்? இன்னும் ஆழமா இறங்கட்டும். கழுத்து வரைக்கும் இறங்கட்டும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். போனைத் திரும்பக் கேட்காமல் எழுந்துபோனார்.

வாராவாரம் அவன் பக்கம் வந்தது. நான் வாராவாரம் கறுவிக்கொண்டே படித்தேன். எழுத எழுத அவனுக்குத் தலைக்கனமும் ஏறியது. 'என் கால் தேய்ந்தது இந்த நகரத்துக்காக' என்று ஒரு வாரம் எழுதினான். கால் தேய்ந்தது யாருக்கு? முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே அந்த வரியைப் படித்தேன், தடவிய வேகத்தில் அவர் "ஆ!" என்று கத்திவிட்டார்.

இதற்கு நடுவில் ஒரு தப்பு நடந்தது. என் தப்புதான். மாடி வீட்டு டீச்சர் தனியாக இருக்கிறவள், சிக்கனக்காரி. பத்திரிகையைப் பார்த்து, அந்த 'எல்லாமே நன்று' கடையைத் தேடிப் போயிருக்கிறாள். எனக்குத் தெரியாது. மூன்று நாள் படுக்கையில் கிடந்தாள், ஆள் பாதியாகிவிட்டாள். கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். "உங்க தம்பி எழுதினதாச்சேன்னு நம்பிப் போனேன்க்கா" என்றாள். கஞ்சியை ஊட்டும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் பழிக்கு இவள் வயிறா கிடைத்தது? எனக்கு வெட்கமாக இருந்தது.

கீழே வந்தால் வீட்டுக்காரர் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார். "நான் பத்திரிகை ஆபீசுக்குப் போறேன். எனக்குப் பேரும் வேணாம், புத்தகமும் வேணாம்" என்றார்.

கையைப் பிடித்துக்கொண்டேன். "நாலு நாள் பொறுங்க. இந்த வாரம் அவன் எழுதறது வராது, அதுக்குப் பதிலா புத்தகமே வருதாம். சனிக்கிழமை விழா. நம்மளையும் கூப்பிட்டிருக்கான். அன்னைக்கே முடிச்சிடறேன். முடிக்கலைன்னா நானே போய்ச் சொல்லிடறேன், சத்தியமா." அவர் செருப்பைக் கழற்றினார். அந்த நாலு நாளும் டீச்சருக்கு மூன்று வேளையும் நான்தான் சமைத்தேன்.

ஆமாம், எங்களைக் கூப்பிட்டிருந்தான். அவ்வளவு தைரியம். மாமா வாயில்லாப் பூச்சி, அக்கா கூடப் பிறந்தவள், யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்ற நினைப்பு. விழா நடந்தது ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில். எந்தக் கடை தெரியுமா? நோட்டிலேயே மூன்று குறிப்பும் சேர்ந்து விழுந்த ஒரே கடை. க.சா., எ.ந., மூ.பி. மூன்று பாராட்டு வாங்கிய கடை அது ஒன்றுதான் என்று அவனே அதைத் தேர்ந்தெடுத்திருந்தான். கடை முதலாளி பூரித்துப்போய், வந்தவர்கள் அத்தனை பேருக்கும் மதியச் சாப்பாடு தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

மாடி நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடி, விரிப்பு, பூ ஜாடி. சுவரில் நோட்டின் ஒரு பக்கத்தைக் கதவு அளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தான். என் வீட்டுக்காரரின் கையெழுத்து, கட்டம் கட்டமாக. பக்கத்தில் 'களத்தில் என் குறிப்புகள்' என்று எழுதியிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். மேஜையில் புத்தகங்கள் கட்டுக் கட்டாக. அட்டையில் பேனாவின் பெயர்.

பத்திரிகை ஆசிரியர் அம்மா அதிகம் பேசாதவர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டி, கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். சுவரில் இருந்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதென்ன மூ.பி., க.சா.? வந்தவங்களுக்குச் சொல்லுங்களேன்" என்றார்.

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டான். "அது என்னோட ரகசிய பாஷை மேடம். மூ.பி.ன்னா மூக்குப் பிடிக்க. க.சா.ன்னா கட்டாயம் சாப்பிடவும். எ.ந.ன்னா எல்லாமே நன்று. இந்தக் கடைக்கு மூணுமே குடுத்திருக்கேன்!" கைதட்டினார்கள். முதலாளி எழுந்து கும்பிட்டார்.

நான் எழுந்தேன். "தம்பி, முதல் கட்டத்துல நாலு நம்பர் இருக்கே, அது என்ன?"

அவன் முகத்தில் ஒரு கணம் எரிச்சல். "அதுவாக்கா? அது நான் போன கடைங்களோட வரிசை எண்."

"இந்தக் கடைக்கு நாலாயிரத்து நானூத்திப் பதினேழுன்னு போட்டிருக்கே. அத்தனை கடைக்கா போன? உன் தொப்பை அப்படி ஒண்ணும் இல்லையே."

சபை சிரித்தது. அவனும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தான். நான் உட்காரவில்லை.

"இந்த நம்பர் இதே கட்டிடத்துல ஒரு இடத்துல எழுதியிருக்கு. நோட்டு எழுதின ஆளுக்கு அது எந்த இடம்னு தெரியும். நீ காட்டு, நான் உக்காந்துடறேன்."

"அக்கா, என்னக்கா இது, விழாவுல வந்து..."

"காட்டுடா."

அவன் சுவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். ஆசிரியர் அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். எழுந்திருங்கள், ஒரே ஒரு தடவை எழுந்திருங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். என் வீட்டுக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"பின்சந்துல இருக்குங்க. அது மீட்டர் நம்பர்" என்றார்.

ஆசிரியர் அம்மா உடனே கிளம்பிவிட்டார். முதலாளி குறுக்கே வந்து, "அந்தப் பக்கம் வேணாம்மா, தண்ணி தேங்கிக் கிடக்கு" என்றார். அவர் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் முன்னால் நடந்தார். பின்னால் ஆசிரியர் அம்மா, நான், தம்பி, அதற்குப் பின்னால் மொத்தச் சபையும். சந்துக்குள் திரும்பியதும் முதல் காற்று அடித்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பிடித்தார்கள்.

"அதேதான்!" என்று கத்தினேன். "மூ.பி.! மூக்கைப் பிடி! மீட்டர் பாக்க வர்ற மனுஷன் எழுதினது. இதோ தொட்டியில கிடக்கு பாருங்க க.சா., கழுவாத சாமான். எ.ந. வேணுமா? எலி நடமாட்டம். கொஞ்ச நேரம் நில்லுங்க, அதுவும் வரும்." நிற்க வேண்டியிருக்கவில்லை. சமையல்கட்டு வாசலில் ஒன்று நிதானமாகக் குறுக்கே போனது. சபையில் பாதி பேர் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள்.

குப்பைத் தொட்டிக்கு நேர் மேலே, சுவரில், மீட்டரின் மேல் வெள்ளைப் பெயிண்டில் 4417 என்று இருந்தது. என் வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் பையிலிருந்து டார்ச்சை எடுத்து அடித்து, குனிந்து ரீடிங் பார்த்தார். ஆசிரியர் அம்மா மூக்கைப் பிடித்தபடியே அந்த எண்ணைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அப்புறம் தம்பியைப் பார்த்தார்.

"இந்தக் கடையில நீங்க சாப்பிட்டிருக்கீங்களா?" என்று தம்பியிடம் கேட்டார்.

அவன் பையை முதுகுப் பக்கம் தள்ளினான். தோளில் தொங்கிய பையில் டப்பா துருத்திக்கொண்டு தெரிந்தது. நான் அதை விரலால் தட்டினேன். "இவன் எங்க மேடம் வெளியில சாப்பிடப் போறான்? இன்னைக்கும் வீட்டுச் சாப்பாடுதான் கொண்டாந்திருக்கான், பாருங்க."

"சார்," என்று ஆசிரியர் அம்மா என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "உங்க நோட்டுல குறிப்பு போடாத கடை நிறைய இருக்கே. அதெல்லாம்?"

"அதெல்லாம் சரியா இருக்கிற கடைங்க. சரியா இருந்தா நாங்க ஒண்ணும் எழுத மாட்டோம்."

தம்பி என் பக்கம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான். "வீட்ல வச்சுச் சொல்லியிருக்கலாமேக்கா. நாலு பேர் முன்னாடி இப்படி மானத்தை வாங்கிட்டியே."

"நாலு பேர் முன்னாடிதானேடா எடுத்த? நாலு பேர் முன்னாடியே குடு."

அன்று ஒருவரும் சாப்பிடவில்லை. புத்தகக் கட்டுகளின் கயிறு அவிழவில்லை. அடுத்த வாரம் அதே பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில் மன்னிப்பு வந்தது, அந்தக் கடைகள் பக்கம் போகாதீர்கள் என்று பட்டியலோடு. டீச்சரிடம் நான் உள்ளதைச் சொன்னேன். ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை, எனக்கு அது வேண்டியதுதான். தம்பி திரும்பவும் விளம்பரம் பிடிக்கப் போனான். போகிற இடமெல்லாம் 'மூ.பி. வர்றார்' என்று சொல்லி மூக்கைப் பிடித்துக் காட்டுகிறார்களாம். பேனா என்ற பெயர் போய்விட்டது. அதைக் கேட்டபோது எனக்கு ஐஸ்கட்டியை விழுங்கிய மாதிரி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆசிரியர் அம்மாவே நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்து, புத்தகம் போடுகிறோம் என்றார். என்ன தலைப்பு என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர், "குறிப்பு இல்லை" என்றார். அதுதான் தலைப்பு. காலிக் கட்டம் உள்ள கடைகள் மட்டும், சவரக் கூலிச் சட்டத்தோடு. அட்டையில் அவர் பெயர். அவர் அதைக் கண்ணாடி போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை பார்த்தார்.

நோட்டைத் திரும்ப வைக்கும்போது முதல் பக்கத்தைப் புரட்டினேன். முதல் வரியில் எங்கள் வீட்டு மீட்டரின் நாலு எண். தெரு, எங்கள் தெரு. அடையாளம், 'வீடு'. விலைக்கு ஒரு கோடு. குறிப்புக் கட்டம் காலி. நான் நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்படியில் போய் நின்றுகொண்டிருந்தேன். அழுதேன், வேறென்ன?

போன மாதம் ஒரு மதியம் தம்பி வந்தான். முகம் வாடியிருந்தது. உள்ளே வந்து, வழக்கமாக உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்து, "பசிக்குதுக்கா" என்றான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். துரத்தியிருப்பேன், அவர் பார்த்ததால் துரத்தவில்லை.

ஒரு தட்டை எடுத்து அவன் முன்னால் டக்கென்று வைத்தேன்.

"க.சா." என்றேன்.

அவன் தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "எந்த க.சா.க்கா?" என்று கேட்டான்.

"படிக்கத்தான் உனக்கு நல்லா வருமே. நீயே படிச்சுக்க."

அந்தத் தட்டு காலையிலேயே தேய்த்துக் கவிழ்த்து வைத்தது. சொல்வேனா? இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவன் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான், விரலால் தடவிப் பார்த்தான், மோந்தும் பார்த்தான். பிறகு மெதுவாக எழுந்து, அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். சோப்பு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை, தேடி எடுத்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தான். நாற்பத்திரண்டு வயதில் என் தம்பி தட்டுக் கழுவியது அன்றுதான் முதல்முறை.

"பின்பக்கமும் தேய்டா" என்றேன்.